காட்சி ஜோர், புள்ளித்தாள் எங்கே?

கிளை முகாமையாளர் பதவிக்கு ஆள் எடுக்கிறீர்கள். நேர்முகத்தில் எல்லாரும் நன்றாகத்தான் பேசுகிறார்கள். சரி, ஒரு மேசை, ஒரு கட்டுக் கடிதம், கோபக்கார வாடிக்கையாளராக நடிக்க ஒருவர் என்று வேலையையே சின்னதாக அமைத்து ஆளை அதற்குள் இறக்கிப் பார்ப்போம் என்று முடிவாகிறது. நல்ல முடிவு. சிமுலேஷன் பரீட்சை என்பது இதுதான். கொழும்பில் சில வருடங்களாக இவற்றைத் தயாரித்துக் கொடுக்கிறேன், சொதப்பியதும் உண்டு. காட்சியை ஜோடிப்பதில் நாட்கணக்காக மூழ்கிவிடுவோம். எதைப் பார்த்து எத்தனை புள்ளி என்பதைப் பரீட்சைக்கு முதல்நாள் இரவு அவசரமாக எழுதுவோம். அநேகமான சொதப்பல் அங்கேதான் தொடங்குகிறது.

இந்த வகையில் பழைய ஒன்று இன்-ட்ரே: மேசையில் குவிந்த கடிதங்களையும் தாள்களையும் குறித்த நேரத்துக்குள் கையாளச் சொல்லும் பரீட்சை. 1950களில் நோர்மன் பிரெடரிக்சனும் கூட்டாளிகளும் அமெரிக்க விமானப்படைக்காக உருவாக்கியது. இன்று ஆயத்தமான இன்-ட்ரேக்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. பெயர்களை மட்டும் மாற்றி அப்படியே வைத்துவிடுகிறார்கள். லண்டன் கந்தோரின் தலைவலி வேறு, வெள்ளவத்தைக் கிளையின் தலைவலி வேறு. ஏற்கெனவே அந்தக் கதிரையில் இருக்கும் நாலைந்து பேரிடம் போய், “போன மாதம் எந்த விஷயம் உங்களைத் தூங்கவிடவில்லை?” என்று கேளுங்கள். நான் கேட்டபோது அடகு என்றார்கள்.

அதிலிருந்து இரண்டு தாள்கள் பிறந்தன. நாலாவது தாள், ஏலத்துக்குப் போகும் அடகு நகைகளின் பட்டியல். பிற்பகல் 3 மணிக்குள் ஒப்பமிட்டு அனுப்ப வேண்டும். பதினோராவது தாள், ஒரு அம்மா கைப்பட எழுதிய கடிதம்: போன கிழமையே காசைக் கட்டிவிட்டேன், ரசீது கையில் இருக்கிறது, பிறகும் ஏல அறிவித்தல் வந்திருக்கிறதே மகன். கடிதத்தின் ஓரத்தில் கோணல்மாணலாக ஓர் அடகுச்சீட்டு இலக்கம். அதே இலக்கம் பட்டியலிலும் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் அந்த ஒரு நகையை மட்டும் நிறுத்தி, மிச்சத்தை நேரத்துக்கு அனுப்பிவிட்டு, பதிவேட்டைப் பார்க்கச் சொல்வார். காணாதவர் பட்டியலில் ஒப்பமிடுவார், பிறகு அம்மாவுக்கு உருக்கமாக ஒரு பதிலும் எழுதுவார். பதில் பிரமாதமாக இருக்கும். நகை போய்விடும்.

புள்ளித்தாளில் ‘பகுத்தாராயும் திறன், 1 முதல் 5’ என்று மட்டும் இருந்தால் அந்தப் பிரமாதமான பதிலுக்கு 4 விழும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் செயலை எழுத வேண்டும்: நகையை நிறுத்தினாரா, மற்றவற்றை அனுப்பினாரா, ரசீதைச் சரிபார்த்தாரா. பயந்துபோய் முழுப் பட்டியலையும் நிறுத்தி வைத்தவருக்கு எத்தனை? இதற்கு எங்களுக்குள் அரை நாள் வாக்குவாதம். ஒருவர் ‘அவதானம்’ என்றார், இன்னொருவர் ‘கையாலாகாத்தனம்’ என்றார். கடைசியில் அரைப் புள்ளி என்று முடிவானது. பரீட்சை முடிந்த பிறகு இந்த வாக்குவாதம் வந்திருந்தால், தாள் யாருடையது என்று பார்த்துத்தான் பேசியிருப்போம்.

என் பெரிய பிழை மொழியில். ஒரு நிதி நிறுவனத்துக்காக ரோல் பிளே, அதாவது ஒருவர் கோபக்கார வாடிக்கையாளராக நடிக்கும் பகுதி, முழுவதையும் ஆங்கிலத்தில் வைத்தேன். கவுன்டரில் எவ்வளவு பெரிய சண்டையையும் சிங்களத்தில் பாதி, தமிழில் பாதியாகப் பேசி அடக்கிவிடுவார் என்று கிளையே சொல்லும் ஒரு பெண், அன்று வாயடைத்துப்போய் நின்றார். ‘தொடர்பாடல்: 2’ என்று எழுதியது நான்தான். அந்தக் கிளைக்குள் ஆங்கிலத்தில் சண்டை பிடிக்க வரும் வாடிக்கையாளர் எத்தனை பேர் என்று முதலே கேட்டிருக்கலாம். பதவிக்கு ஆங்கிலம் தேவை என்றால் அறிக்கை எழுதச் சொல்லித் தனியாகப் பாருங்கள். எல்லாப் புள்ளியிலும் அதைக் கலக்க விடாதீர்கள்.

நடிப்பவரையும் கவனிக்க வேண்டும். காலையில் முதல் ஆளிடம் சிங்கம் மாதிரிக் கத்துபவர், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பூனையாகிவிடுவார். மருத்துவத் துறை இந்தப் பிரச்சினையை எப்போதோ கண்டுகொண்டது. ஒரு மாணவருக்கு லேசான நோயாளி, இன்னொருவருக்குக் கடுமையான பரீட்சகர் என்ற அதிர்ஷ்ட விளையாட்டை ஒழிக்கத்தான் ஸ்கொட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் ஒஸ்கி (OSCE) என்ற மருத்துவச் செய்முறைப் பரீட்சை முறையை வெளியிட்டார். எல்லாருக்கும் அதே நிலையங்கள், அதே நேரம், அதே புள்ளிப்பட்டியல். நம் வேலைக்கும் அது பொருந்தும். ‘மன்னிப்புக் கேட்டால் குரலைத் தணி, காரணம் கேட்டால் ரசீதைக் காட்டு’ என்று நடிப்பவருக்கு எழுதிக் கொடுங்கள்.

மதிப்பீட்டாளர் ஒருவருக்கு இரண்டு பேருக்கு மேல் பார்க்கக் கொடுக்காதீர்கள். பத்துத் திறன்களையும் கொடுக்காதீர்கள். 1982இல் சாக்கெட், டிரெஹர் என்ற ஆய்வாளர்கள் மூன்று நிறுவனங்களின் புள்ளிகளை அலசியபோது, ஒரே திறனுக்கு வெவ்வேறு பயிற்சிகளில் (இன்-ட்ரே, ரோல் பிளே போன்ற பகுதிகளில்) விழுந்த புள்ளிகள் ஒன்றோடொன்று சேரவில்லை. ஒரே பயிற்சிக்குள் வெவ்வேறு திறன்களுக்கு விழுந்தவைதான் ஒட்டிக்கொண்டு நின்றன. குழுக் கலந்துரையாடலில் நன்றாகப் பேசியவருக்குத் தலைமைத்துவம், திட்டமிடல், பொறுமை எல்லாமே 4 என்று போடும் பழக்கம் நம்மிடம் மட்டும் இல்லை என்பது ஓர் ஆறுதல்!

வெள்ளோட்டம் விடாமல் நடத்தாதீர்கள். 24 தாள், 60 நிமிடம் என்று நான் வைத்த இன்-ட்ரேயை, பதவியில் இருக்கும் முகாமையாளர்களே முடிக்கவில்லை. 14 தாளாகக் குறைத்தேன்.

பரீட்சை சரியாகக் கணித்ததா என்று பின்னால் போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. 1956இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டியில் டக்ளஸ் பிரே தொடங்கிய ஆய்வில், இளம் முகாமையாளர்களின் மதிப்பீடுகளை மேலதிகாரிகளுக்குக்கூடக் காட்டாமல் வைத்திருந்து, வருடங்கள் கழித்து யார் எவ்வளவு உயர்ந்தார்கள் என்று ஒப்பிட்டார்கள். அந்த நினைப்பில் நானும் இரண்டு வருடம் கழித்து ஒரு நிறுவனத்துக்குப் போய்ப் பழைய புள்ளித்தாள்களைக் கேட்டேன். கந்தோரை இடம் மாற்றியபோது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்களாம்.