வன்னியில் துவக்குச் சூடு நடந்த இடத்தில் தடயம் சேகரிக்கும் முறை

காயப்பட்டவருக்கு உயிர் இருந்தால் அவரை வைத்தியசாலைக்கு அனுப்புவதே முதல் வேலை. உடையை வெட்ட நேர்ந்தால் சன்னம் (துவக்குக் குண்டு) துளைத்த ஓட்டையைத் தவிர்த்து வெட்டுமாறு கூடவே சொல்லியனுப்ப வேண்டும்.

அடுத்து அலுவலர் தம் காலடியைக் கவனிக்க வேண்டும். 2009 மே வரை போர் நடந்த இந்நிலத்தில் பழைய ரவைக் கோதுகள் (சுட்டபின் எஞ்சும் வெற்றுத் தோட்டா உறைகள்) மட்டுமல்ல, வெடிக்காத பொருட்களும் புதைந்திருக்கலாம். ஆகவே மிதிவெடி அகற்றப்பட்ட காணிதானா என்று கிராம அலுவலரிடம் கேட்டறிந்து, போகவும் வரவும் ஒரே பாதையைக் கயிறு கட்டிக் குறித்த பின்னரே உள்ளே இறங்க வேண்டும். உலோகங்காணி ஒலித்த இடத்தையெல்லாம் தோண்டக் கூடாது.

கண்ணில் பட்ட கோதை உடனே எடுத்துவிடாமல், முழு இடத்தையும், பின்னர் கோதும் அதன் சுற்றமும் தெரியும்படியும், கடைசியாக அளவுகோலை அருகே வைத்து நேர்மேலே இருந்தும் படம் எடுக்க வேண்டும். மதகு, பெரிய பாலை மரம் போன்ற அசையாத இரண்டு இடங்களிலிருந்து அதன் தூரத்தை அளந்து குறிக்க வேண்டும். டி-56 என்னும் தானியங்கித் துவக்கு கோதை வலப்புறமாக எறிவதால், கோது கிடக்கும் இடம் சுட்டவர் நின்ற பக்கத்தை ஓரளவு காட்டும். கட்டாந்தரையில் அது துள்ளி உருண்டிருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. உள்ளே மண் இறுகிக் களிம்பேறிய கோது பழையதாகத் தோன்றும். ஆனாலும் அதை அங்கேயே கழித்துவிடாமல் எல்லாவற்றையும் தனித்தனிக் கடதாசி உறைகளில் இட வேண்டும். எந்தக் கோது எந்தத் துவக்கினுடையது என்பதை, துவக்கின் ஊசி கோதின் அடியில் குத்திய தழும்பை ஒப்பிட்டு அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் சொல்லட்டும்.

கோது ஒன்றுமே கிடைக்காவிட்டால் இடியன் துவக்கையோ, பன்றிக்குப் பொறியாக வைத்த கட்டுத்துவக்கையோ நினைக்க வேண்டும். குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கப்படும் இவை கோதை வெளியேற்றுவதில்லை. அடைப்பாக வைத்த தும்போ துணியோ கருகிய நிலையில் முன்புறத்துப் புல்லில் கிடக்கும். பொறி வைத்தவர் துவக்கை அகற்றியிருந்தாலும் மரத்தில் கயிறு உராய்ந்த தழும்பு, நாட்டிய கட்டை, விலங்குத் தடத்துக்குக் குறுக்கே கட்டிய கம்பி ஆகியவற்றுள் ஏதாவது ஒன்று மிஞ்சும். கட்டையின் உயரத்தையும் கம்பியின் உயரத்தையும் நிலத்திலிருந்து அளந்து சட்ட வைத்திய அதிகாரிக்குக் கொடுத்தால், முழங்காலிலோ தொடையிலோ உள்ள காயத்தோடு அவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். பொறியில் சிக்கியதா, குறிவைத்துச் சுட்டதா என்பது பெரும்பாலும் இந்த அளவுகளில்தான் தெளிவாகும். அருகில் மருந்து கெட்டித்த இன்னொரு துவக்கு இருக்கக்கூடும். அகப்பட்ட துவக்கின் குழலுக்குள் குச்சியோ பேனாவோ விடக் கூடாது.

கையில் படிந்த வெடிமருந்துத் துகள் கழுவினாலும் துடைத்தாலும் போய்விடும். சில மணி நேரத்தில் தானாகவும் உதிரும். இறந்தவரின் கைகளைக் கடதாசிப் பையால் மூடிக் கட்ட வேண்டும். இரத்தம் தோய்ந்த உடையை நிழலில் உலர்த்தாமல் பொலித்தீன் பையில் அடைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். மாரி காலமானால் தடயம் எடுக்கத் தொடங்கும் முன், தரையில் படாமல் உயர்த்திப் படங்கு கட்ட வேண்டும்.

ஒவ்வொரு உறையிலும் எடுத்த இடம், நேரம், எடுத்தவர் பெயர் எழுதி முத்திரையிட்டு, கைமாறும்போதெல்லாம் பதிய வேண்டும். உறவினர் உடலை ஏற்கெனவே லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றியிருந்தால், யார், எங்கிருந்து, எப்படித் தூக்கினார்கள் என்பதைக் கடிந்துகொள்ளாமல் கேட்டு எழுத வேண்டும். அந்தப் பெட்டியின் அடித்தட்டையும் கழுவவிடாமல் சோதிக்க வேண்டும். உடையிலிருந்து உதிர்ந்த ஈயக் குண்டு அங்கே கிடக்கலாம்.