குட்டிப் பூனைக்கு எடை ஏறவில்லையா? காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

"நல்லாத்தான் சாப்பிடுது, ஆனா உடம்பு ஏறவே மாட்டேங்குது." பூனை வளர்க்கத் தொடங்கிய பலரும் இப்படிச் சொல்லிக் கவலைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். நானும் சொல்லியிருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறது என்பதையும் உடம்பு ஏறவில்லை என்பதையும் நாம் பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறோம். இரண்டையும் அளந்து பார்த்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். மீதிக்கு, உணவு போகும் வழியையே பின்தொடரலாம்: கிண்ணம், வாய், குடல், மலம். எங்கோ ஓரிடத்தில் அது தடைபடுகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

தொடங்குவதற்கு முன் ஒன்று. குட்டி ஒரு நாள் முழுக்க எதுவும் சாப்பிடவில்லை, துவண்டு கிடக்கிறது, ஈறு வெளுத்திருக்கிறது, மூச்சு வாங்குகிறது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்கவில்லை என்றால் இந்தப் படிகளைச் செய்துகொண்டிருக்க வேண்டாம். இப்போதே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைவான குட்டி என்றால் அரை நாள் பட்டினிகூட ஆபத்து. ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும்.

படி 1: எடையை எழுதத் தொடங்குங்கள்

நாம் ஏறி நின்று எடை பார்க்கும் கருவி இதற்கு உதவாது. அதில் பல 100 கிராம் கணக்கில்தான் காட்டும். குட்டி ஒரு வாரத்தில் ஏறுவதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு போதும். ஒரு டப்பாவை அதன் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, குட்டியை உள்ளே விடுங்கள். துள்ளினால் மூன்று முறை பார்த்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

காலையில், சாப்பாட்டுக்கு முன்னால், தினமும் ஒரே நேரத்தில் நிறுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட குட்டியைச் சாப்பிடாத நேரத்தோடு ஒப்பிட்டால் 40, 50 கிராம் சும்மாவே வித்தியாசம் காட்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குட்டியைத் தினமும், அதற்கு மேல் வாரம் இரண்டு முறை, ஆறு மாதம் தாண்டியதை வாரம் ஒரு முறை நிறுத்தால் போதும். தேதியையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மருத்துவரிடம் போனால் உங்கள் கையில் இருப்பதிலேயே மதிப்புள்ள பொருள் அந்த நோட்டுதான்.

படி 2: எண் உண்மையிலேயே குறைவுதானா என்று பாருங்கள்

பிறக்கும்போது குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். அதன்பின் ஐந்து மாதம் வரை, வயதில் ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ 450 கிராம் எடை என்பது ஒரு தோராயக் கணக்கு. அப்படியானால் ஒரு மாதத்தில் 450 கிராம், இரண்டு மாதத்தில் 900, மூன்றில் 1.3 கிலோ, நான்கில் 1.8 கிலோ. ஆறு மாதத்துக்குப் பிறகு வேகம் தானாகக் குறையும். எட்டு மாதப் பூனை முன்போல ஏறவில்லையே என்று பயப்பட வேண்டாம். பெண் குட்டிகள் கொஞ்சம் சிறியவையாக இருப்பதும் இயல்பு.

தெருவிலிருந்து எடுத்து வந்த குட்டி என்றால் வயதே ஊகம்தான். அப்போது பல்லைப் பாருங்கள். முன்பற்கள் இப்போதுதான் எட்டிப் பார்க்கின்றன என்றால் வயது மூன்று நான்கு வாரம். பால் பற்கள் 26. அவை மூன்றரை மாதத்திலிருந்து விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்துக்குள் 30 நிலையான பற்கள் வந்துவிடும். மூன்று மாதம் என்று நாம் நினைத்த குட்டிக்கு இரண்டு மாதம்தான் ஆகிறது என்று தெரிந்தால் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

ஒரு நாள் எண்ணைவிட அது போகும் திசைதான் முக்கியம். சிறிய குட்டி சிறிய அளவிலேயே சீராக ஏறிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. நன்றாக ஏறிக்கொண்டிருந்தது இரண்டு வாரமாக ஒரே இடத்தில் நின்றால் கவனிக்க வேண்டும். இறங்கினால் காத்திருக்கவே கூடாது.

கையாலும் பாருங்கள். உங்கள் கையை விரித்து, புறங்கை எலும்புகளைத் தடவிப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் குட்டியின் விலா அப்படித்தான் இருக்கும்: எலும்பு தெரியும், மேலே மெல்லிய சதை இருக்கும். இப்போது கையை மூடி, முட்டிகளைத் தடவுங்கள். விலா அப்படிக் கூர்மையாக இடித்தால் குட்டி மெலிந்திருக்கிறது. வயிற்றை நம்பாதீர்கள். முதுகெலும்பு துருத்திக்கொண்டு வயிறு மட்டும் பானை போல இருந்தால் அது கொழுப்பு இல்லை, பெரும்பாலும் புழு.

படி 3: கிண்ணத்தில் போதுமான அளவு இருக்கிறதா?

மூன்று நாள், வைத்த உணவையும் மிச்சத்தையும் கிராமில் எழுதுங்கள். பிறகு கணக்குப் போடலாம்.

ஒரு கிலோ எடையுள்ள வளரும் குட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். கிலோ கணக்கில் பார்த்தால் வளர்ந்த பூனைக்கு ஆவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். உலர் உணவு 100 கிராமில் 350 முதல் 400 கலோரி இருக்கும், ஆக 50, 55 கிராம் போதும். ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிராமில் 70 முதல் 100 கலோரிதான் கிடைக்கும், ஆக 200 கிராமுக்கு மேல் வேண்டும். புதிதாக வளர்ப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். 85 கிராம் பொட்டலம் இரண்டு போட்டால் கிண்ணம் நிறைந்தது போலத் தெரியும், குட்டியும் நக்கித் துடைத்துவிடும். ஆனால் கணக்கில் 140 கலோரிதான் வருகிறது. சாப்பிட்டு முடித்தும் கிண்ணத்தையே சுற்றிவருகிறது என்றால் இதை முதலில் சந்தேகப்படுங்கள். பொட்டலத்தில் கிலோ கலோரி என்று அச்சிட்டிருப்பதும் நாம் கலோரி என்று சொல்வதும் ஒன்றுதான்.

என்ன உணவு என்பதும் முக்கியம். பொட்டலத்தில் குட்டிகளுக்கு அல்லது வளர்ச்சிக் காலத்துக்கு என்று போட்டிருக்க வேண்டும். நாய் உணவு கூடாது. பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே வந்தாக வேண்டும், நாய் உணவில் அது போதாது. வெறும் இறைச்சியை மட்டும் வேகவைத்துக் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு பலவீனமாகும். மாட்டுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொடுத்து, ஏறிய எடையையும் இறக்கிவிடும். ஊட்டச்சத்து என்று நினைத்து நாம் ஊற்றும் பாலே காரணமாக இருந்துவிடக்கூடும்.

குட்டியின் வயிறு சின்னது. ஒரு நாள் உணவை நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

படி 4: கிண்ணத்தைக் காலி செய்வது யார்?

வீட்டில் இரண்டு பூனைகள் இருந்தால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

என்னிடம் சாம்பல் நிறக் குட்டி ஒன்று வந்தபோது அதற்கு நான்கு மாதம். நோட்டில் எழுதி வைத்திருந்தேன்: 1,340 கிராம், மூன்று நாள் கழித்து 1,345, அப்புறம் 1,335. பதினோரு நாள் இப்படியே. கிண்ணம் மட்டும் தினமும் காலி. மூத்த பூனை அதை ஒருநாள்கூட அடித்ததில்லை, சீறியதில்லை. கடைசியில் போனைச் சுவரில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தேன். குட்டி வருகிறது, குனிகிறது, ஐந்தாறு உருண்டைகளை அவசரமாகக் கடிக்கிறது. காது மட்டும் பின்னால் திரும்புகிறது. படச் சட்டத்தின் ஓரத்தில், வாசற்படியில், மூத்தது வந்து உட்கார்கிறது. வேறொன்றும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். குட்டி உடம்பைத் தரையோடு ஒட்டிக்கொண்டு சுவரோரமாக நழுவிவிடுகிறது. மூத்தது நிதானமாக நடந்து வந்து மீதியைத் தின்கிறது. அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. இத்தனை நாளாக ஒரே வீட்டில் அது பசியோடு இருந்திருக்கிறது.

பூனைகளுக்குள் மிரட்டல் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் நடக்கும். ஆகவே குட்டிக்குத் தனி அறை, மூடிய கதவு, இருபது நிமிடம். கிண்ணத்தை மணல் தட்டுக்குப் பக்கத்திலும் ஆள் நடமாட்டமுள்ள வழியிலும் வைக்காதீர்கள். ஒரு வாரம் இப்படிச் செய்து எடை ஏறினால் காரணம் கிடைத்துவிட்டது. இந்த ஒரு வாரம் வேறெதையும் மாற்ற வேண்டாம். உணவையும் மாற்றி, இடத்தையும் மாற்றி, மருந்தையும் கொடுத்தால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும்.

படி 5: வாயும் மூக்கும்

பசியோடு ஓடி வருகிறது, ஒரு வாய் எடுக்கிறது, கீழே போடுகிறது, தலையைச் சாய்க்கிறது என்றால் வாயில் வலி. உதட்டை மெல்லத் தூக்கி ஈறு சிவந்திருக்கிறதா, நாக்கில் புண் இருக்கிறதா, புதுப் பல்லுக்குப் பக்கத்தில் பழைய பல் விழாமல் நிற்கிறதா என்று பாருங்கள். சளிப்பிடித்த குட்டி வேறு மாதிரி. மூக்கு அடைத்தால் வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது. ஈர உணவை உடல் சூட்டுக்கு லேசாகச் சூடாக்கினால் மணம் எழும், சாப்பிடத் தொடங்கும். அதற்கும் அசையவில்லை என்றால் மருத்துவர்தான். மனிதர்களுக்கான பாரசிட்டமாலை ஒரு துளிகூடக் கொடுத்துவிடாதீர்கள், பூனையைக் கொன்றுவிடும்.

படி 6: மலத்தைப் பாருங்கள்

போதுமான உணவு உள்ளே போகிறது, ஆனாலும் ஏறவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது மணல் தட்டு. குட்டிகளில் மிகச் சாதாரணமான காரணம் குடற்புழுதான்.

உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும். அதனால் வீட்டை விட்டு வெளியே போகாத குட்டிக்கும் இருக்கும். வாந்தியிலோ மலத்திலோ வெள்ளை நூல் போலச் சுருண்டு கிடக்கும். நாடாப்புழு என்றால் ஆசனவாய்ப் பக்க மயிரிலோ அது படுக்கும் துணியிலோ காய்ந்த அரிசிக் குருணை போல ஒட்டியிருக்கும். தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்குவதால் வருவது இது. எனவே நாடாப்புழுவுக்கு மருந்து கொடுத்துவிட்டுத் தெள்ளை விட்டுவிட்டால் மறுபடியும் வரும்.

புழு கண்ணில் படவில்லை என்பதால் புழு இல்லை என்று ஆகாது. ஒருமுறை மருந்து கொடுத்தாயிற்று என்பதும் போதாது. உடலுக்குள் நகர்ந்துகொண்டிருக்கும் இளம் புழுக்களை மருந்து தொடுவதில்லை, அவை பிறகு குடலுக்கு வந்து சேரும். அதனால்தான் குட்டிகளுக்கு மூன்று வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் கொடுக்கச் சொல்கிறார்கள். உருண்டைப் புழுவுக்கான எல்லா மருந்தும் நாடாப்புழுவைக் கொல்லாது. அளவு எடையைப் பொறுத்தது, மருத்துவர் சொல்லும் அளவைக் கொடுங்கள். பூண்டு கொடுத்தால் புழு போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பூண்டும் வெங்காயமும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

மலம் தொடர்ந்து இளகி, கெட்ட நாற்றத்தோடு, சளியோ ரத்தமோ கலந்து வந்தால் ஜியார்டியா, காக்சிடியா போன்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிகள் இருக்கலாம். சாதாரணப் புழு மருந்துகள் பலவற்றுக்கு இவை அசையாது, மலப் பரிசோதனை வேண்டும். மூன்று நாள் மலத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, மூடிய டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் கொண்டு போங்கள். ஒட்டுண்ணி தினமும் மலத்தில் வெளிவராது, ஒரே நாள் மாதிரியில் தப்பிவிடும்.

தெள்ளையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சீப்பால் வாரி, உதிரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் வையுங்கள். செந்நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சம், அதாவது குட்டியின் ரத்தம். சின்னக் குட்டிக்கு இதுவே ரத்தசோகை வரப் போதும். நாய்களுக்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போடக் கூடாது, அது விஷம்.

படி 7: மருத்துவரிடம் போகும்போது

எடை நோட்டு, உணவுக் கணக்கு, மல மாதிரி, சாப்பிடும் வீடியோ. இவை நான்கும் கையில் இருந்தால் மருத்துவர் ஊகத்தில் தொடங்க வேண்டியதில்லை.

வாந்தி என்றால் எப்படி என்று சொல்லுங்கள். வயிறு குலுங்கி, ஓங்கரித்து எடுப்பது ஒன்று. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், எந்தச் சிரமமும் இல்லாமல், மெல்லாத உணவு குழாய் வடிவில் வெளியே விழுவது வேறு. பின்னது உணவுக்குழாய்க் கோளாறாக இருக்கலாம். பால் குடிக்கும் குட்டிக்கு மூக்கு வழியாகப் பால் வந்தால் அண்ணப் பிளவு, அதாவது வாயின் மேற்கூரையில் பிளவு, இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உருவமே சிறுத்து, சாப்பிட்ட பின் எச்சில் வழிந்து, மந்தமாகிவிடும் குட்டிக்குக் கல்லீரலைத் தாண்டி ரத்தம் போகும் பிறவிக் கோளாறு இருக்கலாம். அதற்குப் பித்த அமிலப் பரிசோதனை உண்டு. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், நீர் கோத்த வயிறு, மஞ்சள் பாய்ந்த கண் இருந்தால் எஃப்.ஐ.பி. என்ற, பூனைகளின் கொரோனா வைரஸால் வரும் நோயைச் சந்தேகிப்பார்கள். முன்பு கைவிடப்பட்ட நோய் அது. இப்போது ஜிஎஸ்-441524 போன்ற மருந்துகளால் பெரும்பாலான பூனைகள் பிழைக்கின்றன, ஆகவே பெயரைக் கேட்டதும் நம்பிக்கை இழந்துவிடாதீர்கள்.

பூனை லுகேமியா வைரஸ், எஃப்.ஐ.வி. இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். இரண்டும் பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் வைரஸ்கள். எஃப்.ஐ.வி. சோதனை ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியில் இருக்கிறது என்று காட்டினால் அது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளாகவும் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள்) இருக்கலாம். ஆறு மாதம் தாண்டியபின் மறுபடி பார்க்காமல் அதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காரணம் தெரிந்த பிறகு

உணவை ஒரேயடியாக அள்ளிக் கொட்டாதீர்கள். மெலிந்த குட்டிக்கு வயிறு கெட்டுவிடும். நான்கைந்து நாளில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். உணவு வகையை மாற்றுவதாக இருந்தால் பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். எடை நோட்டை நிறுத்த வேண்டாம். சரியான இடத்தைத் தொட்டிருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் எண் நகரும். என் சாம்பல் குட்டிக்கு அறைக் கதவை மூடிய ஏழாம் நாள் 1,420 காட்டியது. பத்து நாள் ஆகியும் நகரவில்லை என்றால் அதே நோட்டோடு மறுபடி மருத்துவரிடம் போங்கள். புழு ஒன்று, மிரட்டல் ஒன்று என்று இரண்டு காரணம் சேர்ந்திருப்பதும் உண்டு.