நோமிக் ஆட்டத்தில் பொய்யைத் தடுக்கும் விதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விதிகளை மாற்றுவதையே ஆட்டமாகக் கொண்ட நோமிக்கை அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் பீட்டர் சூபர் உருவாக்கினார். 1982 ஜூன் மாத சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாடர் தம் பத்தியில் அதைப் பற்றி எழுதிய பிறகு அது பலருக்கும் தெரியவந்தது. தொடக்கத்தில் 29 விதிகள் உண்டு. 101 முதல் 116 வரை மாறா விதிகள் (நேரடியாகத் திருத்த முடியாதவை), 201 முதல் 213 வரை மாறும் விதிகள். தம் முறை வரும்போது ஒருவர் ஒரு விதிமாற்றத்தை முன்மொழிந்து, வாக்கெடுப்பு முடிந்தபின் பகடை உருட்டிப் புள்ளி சேர்க்க வேண்டும். முதலில் 100 புள்ளியை எட்டுபவர் வெல்வார். பிள்ளையார் நோன்புக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வந்த உறவுக்காரப் பிள்ளைகள் காரைக்குடி வீட்டுப் பட்டாலையில் வட்டமாக உட்கார்ந்து ஆடுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டத்தை நான் கண்டதில்லை. ஆனால் ஆட்டம் சூடுபிடித்ததும் யாராவது ஒருவர் "பொய் சொல்லக் கூடாது" என்று ஒரு விதியைக் கொண்டுவருவார். அப்படி ஒரு விதி தேவை என்பதே என் கருத்து. எனினும் அவசரத்தில் எழுதப்படும் இத்தகைய 'உண்மை விதி', பொய்யைவிட அதிகமாக ஆட்டத்தைக் கெடுத்துவிடும்.

பொய் ஏற்கெனவே தடுக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிக்கொள்வதிலிருந்தே தவறு தொடங்குகிறது. தொடக்க விதிகள் 29இல் ஒன்றுகூடப் பொய்யைத் தடை செய்யவில்லை. விதிகளை மாற்றுவது நீங்கலாக, எந்த விதியும் தடுக்காத செயல் அனுமதிக்கப்பட்டதே என்று 116ஆம் விதி தெளிவாகச் சொல்கிறது. வீட்டுப் பிள்ளைகள் பொய் பேசக் கூடாது என்பது வளர்ப்பைச் சேர்ந்தது. அதைக் காட்டி நடுவர் ஒருவருடைய புள்ளியைக் குறைக்க முடியாது. விதிமாற்றம் எதுவும் முன்தேதியிட்டுச் செல்லாது என்று 107ஆம் விதி கூறுவதால், இன்று உண்மை விதியைக் கொண்டுவந்து நேற்றைய பொய்க்குத் தண்டனை கேட்பதற்கும் இடமில்லை.

அடுத்தது, பொய் எது என்று வரையறுக்காமல் விடுவது. சிங்கப்பூரிலிருந்து தொலைபேசி வழியாக ஆடும் தம்பி, தன் மேசையில் பகடையை உருட்டிவிட்டு, "அண்ணே, எனக்கு ஆறு விழுந்திருக்கு" என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பகடை ஒரு புத்தகத்தின் ஓரத்தில் சாய்ந்து நின்றதால் அவன் பக்கவாட்டு முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டான். உண்மையில் விழுந்தது ஐந்து. "பொய் சொல்பவருக்கு 10 புள்ளி குறையும்" என்று மட்டும் விதி இருந்தால் அவன் குற்றவாளியா? சொன்னது தவறு என்பதே போதும் என்று ஒருவர் வாதிடுவார். தவறென்று தெரிந்தே சொல்லியிருக்க வேண்டும் என்பார் மற்றவர். ஏமாற்றும் எண்ணமும் இருந்திருக்க வேண்டும் என்பார் மூன்றாமவர். இதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர், 212ஆம் விதிப்படி, அவனுக்கு முந்தைய முறையை ஆடியவர். மற்றவர்கள் ஒருமனதாக மறுத்தாலன்றி அவர் தீர்ப்பே நிற்கும். மூன்று பொருளுக்கும் இடம்தரும் சொற்களை அவர் கையில் கொடுத்துவிட்டால், விதியை எழுதியவர்கள் நினைத்தது எதுவாக இருந்தாலும் அவர் நினைப்பதே விதியாகிவிடும்.

1993 முதல் இணையத்தில் தொடர்ந்து ஆடப்பட்டுவரும் அகோரா என்னும் நோமிக்கில் இதற்கு நன்றாக யோசித்து எழுதப்பட்ட ஒரு விதிவடிவம் உண்டு. சொல்பவர் சொல்லும் நேரத்தில் அது உண்மையல்ல என்று அறிந்தோ நம்பியோ இருக்க வேண்டும், தவறாக எண்ணவைக்கும் நோக்கமும் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் அது பொய். பிறர் சொன்னதை எடுத்துக்காட்டுவது மட்டும் அதைத் தாமே சொன்னதாகாது. "எனக்குச் சரியாகத் தெரியவில்லை, ஆனால்" என்பது போன்ற நிபந்தனையும் கூற்றின் பகுதியாகவே கொள்ளப்படும். வீட்டில் ஆடுபவர்கள் இதன் சாரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, வாயிலிருந்து வரும் சொற்களையெல்லாம் ஒரே வகையாகக் கருதுவதுதான். "ஆறு விழுந்தது" என்பது தகவல். அதைச் சரிபார்க்க முடியும், ஆட்டக் கணக்கும் அதை நம்பியே நடக்கிறது. "நான் ஆதரிக்கிறேன்" என்று வாக்களிப்பது செயல். அதில் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. "என் புள்ளியில் ஐந்தை உனக்குத் தருகிறேன்" என்று, புள்ளியை மாற்றித்தர விதியே இல்லாதபோது ஒருவர் சொன்னால், செயல் நடக்காமல் போகிறது, அவ்வளவுதான். நடக்காது என்று தெரிந்தே பிறரை மயக்கச் சொன்னால் மட்டுமே அது பொய்யின் பக்கம் சேரும். "இந்த விதி வந்தால் ஆட்டமே செத்துப்போகும்" என்பது வாதம். வாதத்தில் வரும் மிகைக்கும் முன்கணிப்புக்கும் தண்டனை உண்டென்றால் முன்மொழிவைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பேச்சு நின்றுபோன நோமிக்கில் மிஞ்சுவது பகடை மட்டுமே.

வாக்குறுதியைப் பொய்யோடு சேர்ப்பதும் சிக்கலைத் தரும். தொடக்க விதிகளின்படி, இரண்டு சுற்று முடிவதற்குள் 203ஆம் விதி திருத்தப்படாவிட்டால், ஒருமித்த வாக்குக்குப் பதிலாகப் பெரும்பான்மை போதும் என்றாகிவிடும். அதன்பிறகு, நிறைவேறிய முன்மொழிவை எதிர்த்து வாக்களித்த ஒவ்வொருவருக்கும் 204ஆம் விதி 10 புள்ளி தருகிறது. ஆகவே ஒரு முன்மொழிவை வாயார ஆதரித்துப் பேசிவிட்டு எதிர்த்து வாக்களிப்பதற்கு விதிகளே பரிசு வைத்திருக்கின்றன. வாக்குறுதி தரும்போது காப்பாற்றும் எண்ணம் இருந்து, பிறகு மனம் மாறியவரைப் பொய்யர் என்பது நியாயமாகாது. வாக்குறுதி மீறலைத் தடுக்க விரும்பினால், அதற்குத் தனி விதி எழுதுவதே சரி.

213ஆம் விதியை மறந்துவிடுவது ஆபத்தானது. ஒரு நகர்வு சட்டப்படி செல்லுமா என்று முடிவாகத் தீர்மானிக்க முடியாமல் போனால், தம் முறையை முடிக்க இயலாத முதல் ஆட்டக்காரர் வென்றவராகிறார். பேச்சை எந்த விதியும் தொடாதவரை "நான் இப்போது சொல்வது பொய்" என்ற வாக்கியத்தால் யாருக்கும் கேடில்லை. பொய்யான கூற்று செல்லாது என்று ஒரு விதி வந்த கணமே அது வெற்றிக்கான குறுக்குவழியாகிறது. யாரையும் ஏமாற்றும் நோக்கம் அந்த வாக்கியத்தில் இல்லாததால், நோக்கத்தைச் சேர்த்து எழுதிய வரையறை இந்தக் கதவைப் பெருமளவு மூடிவிடும்.

பொய்யின் விளைவாக நடந்த அனைத்தையும் செல்லாததாக்கும் விதியையும் தவிர்க்க வேண்டும். மூன்று முறைக்கு முன் சொன்ன ஆறு உண்மையில் ஐந்து என்று தெரியவந்து, அதன்பின் நடந்ததெல்லாம் ரத்தாகும் என்றால், இப்போது எந்த விதி நடப்பில் இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாமல் போகும். வட்டிக்கடைப் பேரேட்டில் பழைய பக்கத்தைக் கிழிக்காமல் இன்றைய தேதியில் திருத்தப் பதிவு போடுவது போல, கணக்கை இன்றிலிருந்து சரிசெய்து, சொன்னவருக்குத் தண்டனையைத் தனியாக வைப்பதே முறை. அகோராவில் பொறுப்பாளர் வெளியிடும் சில அறிக்கைகளை ஒரு வாரத்துக்குள் யாரும் மறுக்காவிட்டால், அவற்றில் உள்ளதே உண்மை நிலையாக ஏற்கப்படுகிறது. வீட்டு ஆட்டத்துக்கு அடுத்த முறை முடியும்வரை அவகாசம் தந்தால் போதும்.

இப்படிப் பாடுபட்டு எழுதிய விதியை மாறா விதியாக உயர்த்த வேண்டும் என்ற ஆசையும் எழும். உயர்த்துவதற்கு மற்ற விதிமாற்றங்களுக்கான வாக்கே போதும். ஆனால் ஓட்டை தெரியவந்து திருத்த வேண்டுமானால், முதலில் அதை மாறும் விதியாக இறக்குவதற்கு 109ஆம் விதிப்படி ஒருமித்த வாக்கு தேவை. அந்த ஓட்டையால் லாபம் பெறுபவர் ஒருவர் மறுத்தாலே எல்லாம் நின்றுவிடும் என்பதால், உண்மை விதியை மாறும் விதிகளின் வரிசையிலேயே விட்டுவைக்க வேண்டும்.