முதன்மைத் தேர்தல் விவாதத்துக்குப் பிறகு எழும் குரல்களை எடைபோடும் முறை

அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன்பு ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரை மாநிலம் மாநிலமாக நடக்கும் முதன்மைத் தேர்தல்கள் வழியாகத் தேர்ந்தெடுக்கிறது. அந்த மாதங்களில் ஒரே கட்சியைச் சேர்ந்த போட்டியாளர்கள் தொலைக்காட்சி மேடையில் வரிசையாக நின்று ஒருவரையொருவர் மறுத்துப் பேசுகிறார்கள். மேடை விளக்குகள் அணைவதற்குள், வென்றது யார் என்ற தீர்ப்புகள் வந்து குவிந்துவிடுகின்றன. ஒவ்வோர் அணியும் தன் ஆளே வென்றார் என்று அடித்துச் சொல்கிறது. இவற்றைக் கேட்டுச் சலித்துப்போய், எல்லாம் வெறும் கூச்சல் என்று ஒதுக்கிவிடுபவர்கள் பலர். அப்படி ஒதுக்குவது பெரிய இழப்பு என்பது என் உறுதியான எண்ணம். அணிக்காரர்களின் பேச்சில் செய்தி இருக்கிறது. பேசுபவர் எந்த இடத்தில் நிற்கிறார், எதற்கு அஞ்சுகிறார், எதை விட்டுக்கொடுக்கத் தயாராகிவிட்டார் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. அதைப் பிரித்தெடுக்க நான் கடைப்பிடிக்கும் வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பொதுத் தேர்தல் விவாதத்தில் ஜனநாயகக் கட்சிக்காரர் ஒரு பக்கமும் குடியரசுக் கட்சிக்காரர் மறுபக்கமும் நிற்பதால், பெரும்பாலான பார்வையாளர்களின் தீர்ப்பைக் கட்சிப் பற்றே எழுதிவிடுகிறது. உட்கட்சி விவாதத்தில் அந்தச் சுவர் கிடையாது. கொள்கை வேறுபாடுகள் பெரும்பாலும் சிறியவை என்பதால், ஆதரவாளர்கள் வேட்பாளரின் குணம், தொனி, நவம்பரில் நடக்கும் பொதுத் தேர்தலில் வெல்லும் திறன் ஆகியவற்றை வைத்தே மோதிக்கொள்கிறார்கள். அதனாலேயே பேச்சு விரைவில் தனிப்பட்டதாகிவிடுகிறது. ஆனால் ஒருவரை விட்டு இன்னொருவரிடம் போவதற்கு அங்கே யாரும் கட்சி மாற வேண்டியதில்லை. ஆகவே, மேடையில் இருக்கும் ஒருவரைத் தீவிரமாக ஆதரிப்பவரைவிட, அவரை இரண்டாவது விருப்பமாக வைத்திருப்பவர் என்ன சொல்கிறார் என்பதே நாம் காது கொடுக்க வேண்டிய முதல் இடம்.

விவாதத்துக்கு முன்பு

மேடையில் யார், எந்த விதியின்படி இடம்பெற்றிருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2015 ஆகஸ்ட் 6 அன்று கிளீவ்லேண்டில் ஃபாக்ஸ் நியூஸ் நடத்திய குடியரசுக் கட்சி விவாதத்தில், தேசியக் கருத்துக்கணிப்புகளின் சராசரியை வைத்துப் பத்துப் பேர் முதன்மை மேடைக்குத் தேர்வானார்கள். மற்ற ஏழு பேர் அன்று மாலை முன்கூட்டியே நடந்த தனி விவாதத்தில் பேசினார்கள். 2019இல் ஜனநாயகக் கட்சி, மூன்று கருத்துக்கணிப்புகளில் 1 சதவீத ஆதரவு அல்லது 65,000 நன்கொடையாளர்கள் என்று முதல் விவாதங்களுக்கான வரம்பை வைத்தது. அந்த நன்கொடையாளர்கள் குறைந்தது 20 மாநிலங்களில் மாநிலத்துக்கு 200 பேராவது இருக்க வேண்டும் என்பதும் அதன் பகுதி. பேசும் நேரம், நிற்கும் இடம், விடுபட்டவர்கள் என்று மறுநாள் எழும் குறைகளில் எது நியாயம், எது சாக்கு என்று சொல்ல இந்த விதிகள் தெரிந்திருக்க வேண்டும். அடுத்து வாக்களிக்கும் மாநிலம் எது, அதற்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதையும் குறித்துவையுங்கள்.

உங்கள் தீர்ப்பை முதலில் எழுதுங்கள்

விவாதம் முடிந்த கணமே தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கைப்பேசியைத் தொடாமல், ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் உங்கள் விருப்பம் யார் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். அதன் கீழே, ஒவ்வொருவரும் நாளைக்கும் நினைவில் நிற்கும்படி என்ன சொன்னார், எந்தக் கேள்வியை நழுவவிட்டார், உங்களுக்குப் பிடித்தவர் பேசும்போது எந்த இடத்தில் உங்களுக்கே உள்ளுக்குள் சங்கடமாக இருந்தது என்று சில வரிகள் எழுதுங்கள். அந்தச் சங்கடம்தான் அன்றைய இரவின் மிக நேர்மையான சாட்சி. அரை மணி நேரம் மற்றவர்களின் விளக்கங்களைக் கேட்டால் அது கரைந்து காணாமல் போய்விடும்.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று கேட்கலாம். உட்கட்சி விவாதம் அல்லாத ஓர் எடுத்துக்காட்டு இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. 1976 அக்டோபர் 6 அன்று அப்போதைய அதிபர் ஜெரால்டு ஃபோர்டு, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று விவாத மேடையில் சொன்னார். அன்றிரவு உடனடியாகக் கேட்கப்பட்டவர்கள் அதைப் பெரிய தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. செய்தியாளர்கள் அந்த வரியைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டிய பிறகு, மறுநாள் கேட்கப்பட்டவர்கள் அவரை எதிர்த்து நின்ற ஜிம்மி கார்ட்டரே வென்றார் என்று பெருமளவில் சொன்னார்கள். விவாதம் ஒன்றுதான், இடையில் வந்து சேர்ந்தது பிறருடைய தீர்ப்பு மட்டுமே.

அரங்கத்தின் கைதட்டலும் அப்படித்தான் நம்மை இழுக்கிறது. 2012 ஜனவரி 19 அன்று தென் கரோலினாவின் நார்த் சார்ல்ஸ்டனில் சிஎன்என் நெறியாளர் ஜான் கிங் முதல் கேள்வியாகக் குடியரசுக் கட்சிப் போட்டியாளர் நியூட் கிங்ரிச்சின் முன்னாள் மனைவி கூறிய குற்றச்சாட்டை எழுப்பினார். கிங்ரிச் கேள்வியைத் திருப்பி ஊடகங்களின் மீதே பாய்ந்தார். அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. இரண்டு நாள் கழித்து அந்த மாநிலத்தில் அவர் ஏறத்தாழ 40 சதவீத வாக்குகளுடன் வென்றார். அடுத்த வாரம் ஃப்ளோரிடாவின் டேம்பாவில் நடந்த விவாதத்தில் பார்வையாளர்கள் அமைதி காக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அந்த நிசப்தத்தில் அதே மனிதர் மங்கித் தெரிந்தார், மறுநாள் அந்த விதியைப் பற்றி அவரே குறைபட்டுக்கொண்டார். ஆகவே உங்கள் தாளில், ஒரு பதில் உங்களைக் கவர்ந்ததா அல்லது அதற்குக் கிடைத்த ஆரவாரம் உங்களைக் கவர்ந்ததா என்பதையும் பிரித்து எழுதுங்கள். முடிந்தால் அந்தப் பகுதியை மறுநாள் எழுத்து வடிவில் படித்துப் பாருங்கள்.

குரல்களைப் பிரித்தல்

இப்போது தொலைக்காட்சியைப் போடலாம். முதலில் வருபவர்கள் 'ஸ்பின் ரூம்' எனப்படும் கூடத்தில் நிற்கும் பிரசார மேலாளர்களும் வேட்பாளர் சார்பில் பேச அனுப்பப்பட்டவர்களும். தோற்றோம் என்று இவர்கள் ஒருபோதும் சொல்ல மாட்டார்கள். அது அவர்கள் வேலை அல்ல. இவர்கள் எந்த விஷயத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். தங்கள் ஆள் சொன்ன ஒரு பதிலைக் குறிப்பிட்டுப் புகழ்ந்தால் அவர்களுக்கு அந்த இரவு பிடித்திருக்கிறது. நெறியாளர் நடுநிலையாக இல்லை, நேரம் தரவில்லை என்று தொடங்கினால், பெரும்பாலும் எங்கோ அடி விழுந்திருக்கிறது.

ஆனால் நெறியாளர்மீது சொல்லப்படும் குறை எல்லாமே சாக்கு என்று நினைத்துவிடக் கூடாது. 2008 ஏப்ரல் 16 அன்று பிலடெல்ஃபியாவில் ஏபிசி தொலைக்காட்சி நடத்திய ஒபாமா, ஹிலரி கிளிண்டன் விவாதத்தில், ஆரம்பத்தின் நீண்ட பகுதி சட்டையில் தேசியக் கொடிச் சின்னம் அணிவது போன்ற கேள்விகளிலேயே கழிந்தது. ஒபாமாவின் ஆதரவாளர்கள் கொதித்தார்கள். அவர்களோடு எந்த அணியையும் சேராத பத்திரிகையாளர்கள் பலரும் சேர்ந்து கண்டித்தார்கள். நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: அந்த இரவில் ஆதாயம் அடைந்தவர்களின் பக்கத்திலிருந்தோ, எந்தப் பக்கமும் இல்லாதவர்களிடமிருந்தோ அதே குறை வருகிறதா? வந்தால் குறை உண்மையானது. உண்மையான குறை வாக்குகளைக் கொண்டுவரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆறு நாள் கழித்துப் பென்சில்வேனியாவில் கிளிண்டன் சுமார் 9 புள்ளி வித்தியாசத்தில் வென்றார்.

அடுத்து, சாதாரண ஆதரவாளர்கள். "எங்கள் ஆள் பிய்த்து உதறிவிட்டார்" என்ற வகை வாக்கியங்களை எண்ணிப் பார்த்து எந்தப் பயனும் இல்லை, அவற்றைக் கடந்து செல்லுங்கள். தேட வேண்டியவை விட்டுக்கொடுத்தலும் பேச்சு மாற்றமும் மௌனமும். "அந்த ஒரு இடத்தைத் தவிர" என்று தொடங்கும் வாக்கியம், நூறு வாழ்த்துகளைவிட மதிப்புள்ளது. நேற்றுவரை வேட்பாளரின் பேச்சுத்திறனைப் புகழ்ந்தவர் இன்று அவருடைய அனுபவத்தைப் பற்றி மட்டும் பேசினால், அந்த மாற்றத்தைத் தேதியோடு குறித்துவையுங்கள்.

இதற்கு மிகத் தெளிவான காட்சி 2016 பிப்ரவரி 6 அன்று நியூ ஹாம்ஷயரின் செயின்ட் ஆன்செல்ம் கல்லூரியில் குடியரசுக் கட்சிப் போட்டியாளர்களின் விவாதத்தில் நடந்தது. மார்கோ ரூபியோ மனப்பாடம் செய்த குட்டிப் பேச்சுகளையே ஒப்பிக்கிறார் என்று கிறிஸ் கிறிஸ்டி குற்றம் சாட்டினார். அதற்குப் பதில் சொல்ல வந்த ரூபியோ, ஒபாமா தான் என்ன செய்கிறோம் என்பதை நன்கு தெரிந்தே செய்கிறார் என்று சற்று முன்பு சொன்ன அதே வரியை ஏறத்தாழ அதே சொற்களில் திரும்பச் சொன்னார். கிறிஸ்டி அதைக் கையோடு சுட்டிக்காட்டினார், பிறகும் அந்த வரி திரும்பி வந்தது. மறுநாள் ரூபியோ தரப்பின் வாதத்தைக் கேட்டால் அடி எங்கே விழுந்தது என்பது விளங்கும்: அந்தக் கருத்து சரியானதே, அதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வோம் என்றார்கள். ஒப்பித்தாரா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. பிப்ரவரி 9 அன்று அந்த மாநிலத்தின் முதன்மைத் தேர்தலில் ரூபியோ ஐந்தாம் இடத்தில் முடிந்தார். விவாதத்தில் தான் சரியாகச் செய்யவில்லை என்று அன்றிரவே தன் ஆதரவாளர்கள்முன் ஒப்புக்கொண்டார். அடித்த கிறிஸ்டியோ ஆறாம் இடத்துக்குப் போய் மறுநாளே போட்டியிலிருந்து விலகினார். இரண்டாம் இடத்தைப் பிடித்தவர், இந்த மோதலில் சம்பந்தப்படாத போட்டியாளர் ஜான் கேசிக்.

மற்ற வேட்பாளர்களின் ஆட்களே ஒருவரை ஆதரித்துப் பேசத் தொடங்கினால் அதைவிட வலுவான அறிகுறி இல்லை. 1980 பிப்ரவரி 23 அன்று நியூ ஹாம்ஷயரின் நாஷுவாவில், குடியரசுக் கட்சிப் போட்டியாளர்களில் ரீகனும் ஜார்ஜ் புஷ்ஷும் (மூத்தவர்) மட்டும் விவாதிப்பதாக ஏற்பாடு. செலவை ரீகன் தரப்பு ஏற்றிருந்தது. விடுபட்ட நால்வரை ரீகன் மேடைக்கு அழைத்துவந்தார். புஷ் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நெறியாளரான பத்திரிகை ஆசிரியர் ரீகனின் ஒலிவாங்கியை அணைக்கச் சொன்னபோது, இந்த ஒலிவாங்கிக்குப் பணம் கொடுப்பவன் நான் என்று ரீகன் சீறினார். வெளியே அனுப்பப்பட்ட நால்வரும் ரீகனுக்குப் போட்டியாளர்கள்தான், ஆனாலும் அவர்கள் கோபம் புஷ்ஷின் மீதே திரும்பியது. மூன்று நாள் கழித்து நியூ ஹாம்ஷயரில் ரீகன் ஏறத்தாழ 50 சதவீதமும் புஷ் ஏறத்தாழ 23 சதவீதமும் பெற்றார்கள்.

துண்டுக் காட்சியும் முழுக் காட்சியும்

சண்டை மூண்டுவிட்ட ஒரு வரியைப் பற்றி முடிவெடுக்கும் முன், அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2008 ஜனவரி 5 அன்று நியூ ஹாம்ஷயர் விவாதத்தில், மக்களுக்கு உங்களைவிட ஒபாமாவைப் பிடித்திருக்கிறதே என்ற பொருளில் கிளிண்டனிடம் கேட்கப்பட்டது. அது என் மனத்தைப் புண்படுத்துகிறது என்று அவர் சிரித்தபடி சொல்லி, ஒபாமா மிகவும் பிடித்துப்போகக்கூடியவர்தான் என்று ஒப்புக்கொண்டார். ஒபாமா குறிப்புகளிலிருந்து முழுதாகத் தலையைத் தூக்காமல், நீங்களும் போதிய அளவு பிடித்துப்போகக்கூடியவர்தான் என்றார். ஓர் அணிக்கு அது இயல்பான மரியாதை, மற்றோர் அணிக்கு அது மட்டம் தட்டும் பேச்சு. முழு நிமிடத்தையும் பார்த்தால், சொற்களைவிட அந்தப் பார்வையின் கோணமே சண்டைக்குக் காரணம் என்பது தெரியும். ஒபாமா ஆதரவாளர் எழுத்துப் பிரதியைக் காட்டுவதும் கிளிண்டன் ஆதரவாளர் காணொளியைக் காட்டுவதும் ஏன் என்பதும் அப்போது புரியும். மூன்று நாள் கழித்து, கருத்துக்கணிப்புகளுக்கு மாறாக, அந்த மாநிலத்தில் கிளிண்டன் வென்றார்.

எண்களை எப்போது நம்பலாம்

இணையதளங்கள் நடத்தும் சொடுக்கு வாக்கெடுப்புகளை முற்றிலும் விட்டுவிடுங்கள். யார் வேண்டுமானாலும் வந்து வாக்களிக்கலாம் என்பதால் அவை ஆதரவாளர்களின் உற்சாகத்தை மட்டுமே அளக்கின்றன. 2008 தேர்தலுக்கான விவாதங்களுக்குப் பிறகு குடியரசுக் கட்சிப் போட்டியாளர் ரான் பால் இத்தகைய வாக்கெடுப்புகளில் பலமுறை முந்தினார். ஒரு மாநில முதன்மைத் தேர்தலிலும் அவர் வெல்லவில்லை. முறையாக மாதிரி எடுத்து நடத்தப்படும் கணிப்பில்கூட, விவாதத்தைப் பார்த்தவர்களைக் கேட்டார்களா, எல்லா வாக்காளர்களையும் கேட்டார்களா என்று பாருங்கள். யார் வென்றார் என்ற கேள்வியைவிட, ஒரு வேட்பாளர்மீது நல்லெண்ணம் உண்டா என்ற கேள்விக்கு அதே நிறுவனம் விவாதத்துக்கு முன்னும் பின்னும் பெற்ற விடைகளை ஒப்பிடுவது பயன் தரும்.

சில வாரங்கள் காத்திருக்கவும் வேண்டும். 2019 ஜூன் 27 அன்று மயாமியில் கமலா ஹாரிஸ், பள்ளிகளில் இனப் பிரிவினையைக் குறைக்க மாணவர்களைப் பேருந்தில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டம் குறித்த ஜோ பைடனின் பழைய நிலைப்பாட்டைத் தன் சிறுவயது அனுபவத்தோடு சேர்த்துக் கேள்வி கேட்டதும், கணிப்புகளில் அவர் வேகமாக உயர்ந்தார். அந்த உயர்வு நிலைக்கவில்லை; ஒரு வாக்குகூடப் பதிவாகும் முன்பே டிசம்பர் 3 அன்று விலகினார். 2020 பிப்ரவரி 19 அன்று லாஸ் வேகஸில் எலிசபெத் வாரன், அதே கட்சியின் சக போட்டியாளர் மைக்கேல் ப்ளூம்பெர்கைக் கடுமையாகத் தாக்கினார். மார்ச் 4 அன்று ப்ளூம்பெர்க் விலகினார், எந்த மாநிலத்தையும் வெல்லாத வாரன் அடுத்த நாளே விலகினார், கட்சியின் வேட்பாளர் ஆனவர் பைடன். அடித்தவரும் வாங்கியவரும் சேர்ந்தே விழும் இந்த அமைப்பை ரூபியோ, கிறிஸ்டி விஷயத்தில் ஏற்கெனவே பார்த்தோம். எனவே உங்கள் தாளில் மூன்றாவது ஆளுக்கென ஒரு வரி எப்போதும் இருக்கட்டும்.

எதிரணி நண்பரிடம் பேசும்போது, அவருடைய வேட்பாளர் எங்கே தடுமாறினார் என்று கேட்பதற்கு முன், உங்கள் வேட்பாளர் தடுமாறிய இடத்தை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வேட்பாளர் முடிவான பிறகு ஒரே கட்சிக்காக வீடு வீடாகப் போக வேண்டியவர்கள் நீங்கள் இருவரும்தான் என்பதால், இந்த முதல் அடியை நீங்கள் எடுத்துவைப்பது நல்லது. பெரும்பாலானவர்கள் அதன் பிறகு மனம் திறந்து பேசுவார்கள். அவர் சொல்வதை உங்கள் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மாநிலத்தின் வாக்கு எண்ணிக்கை நடக்கும் இரவில் தாளை எடுத்து, முதல் பக்கத்தில் விவாத இரவன்று நீங்கள் எழுதியதையும், பின்பக்கத்தில் அவர் ஒப்புக்கொண்டதையும், வந்திருக்கும் எண்களையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.