அடுப்படிப் புகையை அளந்தாச்சு, முடிவை வீட்டுக்காரர்களிடம் எப்படிச் சொல்வது?

காற்றில் புகையை அளக்கும் மானிட்டரை எப்படி மாட்டுவது, டேட்டாவை எப்படி இறக்குவது என்பதற்கெல்லாம் யூடியூபில் வேண்டிய மட்டும் வீடியோ இருக்கிறது. அளந்து முடித்த பிறகு அந்த வீட்டில் போய் உட்கார்ந்து என்ன பேசுவது என்பதற்குத்தான் எதுவும் கிடைக்கவில்லை. கோவையை அடுத்த ஆனைகட்டிப் பக்கத்து இருளர் பழங்குடியினரின் பதிகளில் (ஊர்களில்), விறகடுப்பு உள்ள வீடுகளில் புகையில் இருக்கும் நுண்துகளை (பி.எம் 2.5) அளந்து முடிவைக் கொடுத்தபோது கைகொடுத்த வழி இது.

படி 1: மாட்டும்போதே கேட்டுவிடுங்கள்

முடிவு வேண்டுமா, வேண்டாமா? யாரிடம் சொல்லலாம்? பக்கத்து வீட்டுக்குத் தெரியலாமா? ஊர்த் தலைவரான மூப்பனிடம் வாங்கும் அனுமதி ஊருக்குள் வருவதற்குத்தான். அடுப்படிக்கு அதில் இருக்கிறவரின் சம்மதம் தனியாக வேண்டும்.

படி 2: எண்ணை நம்புவதற்கு முன்

விலை குறைந்த கருவிகள் பலவற்றில் பிளான்டவர் பி.எம்.எஸ் 5003 சென்சார்தான் இருக்கும். அது ஒரே அளவுக்கு இரண்டு எண் தரும்: ஒன்று சி.எஃப் 1 (தொழிற்கூடச் சூழலுக்கானது), இன்னொன்று வெளிக்காற்றுக்கானது. காற்று சுத்தமாக இருந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும், புகை ஏற ஏறப் பிரிந்துவிடும். இரண்டில் எதை எடுத்தாலும் எல்லா வீட்டுக்கும் அதே வரிசையை எடுங்கள். ஒரு கன மீட்டர் காற்றுக்கு 500 மைக்ரோகிராம் வரைதான் சரியாக அளக்கும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. அதற்கு மேல் போனால் ‘ரொம்ப அதிகம்’ என்பதோடு நிறுத்துங்கள், துல்லியம் பேசாதீர்கள். பனி இறங்கும் விடியலில் ஈரத்தால் துகள் ஊதி, எண் கூடுதலாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கருவியை அடுப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் மாட்டுவது வழக்கம். சமைக்கிறவரோ தரையில் உட்கார்ந்திருக்கிறார், புகை கூரைக்குக் கீழே தேங்குகிறது. ஆகவே ‘நீங்கள் இவ்வளவு சுவாசித்தீர்கள்’ என்று சொல்லவே கூடாது. ‘அடுப்படிக் காற்றில் இவ்வளவு இருந்தது’ என்பதுதான் சரி.

படி 3: படத்தை அவர்களே வாசிக்கட்டும்

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 24 மணி நேரச் சராசரியைத் தூக்கிக்கொண்டு போனால் பேச்சு அங்கேயே படுத்துவிடும். ‘உங்க வீட்டுல இவ்வளவு’ என்றால், ‘சரிங்க சார்’ என்பார்கள், அவ்வளவுதான். சராசரியில் அடுப்பு எரிந்த நேரமும் எரியாத நேரமும் கலந்து கிடக்கிறது, அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

சார்ட் பேப்பரில் ஒரு நாளின் கோட்டை ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக வரையுங்கள். கீழே மணிக்குப் பதிலாகச் சூரியன், கோழி, பள்ளிக்கூடப் பை, நிலா என்று படம் போடுங்கள். லேப்டாப் வேண்டாம். அதைத் திறந்ததுமே பேச்சு ஆண்கள் பக்கம் போய்விடுகிறது. பிறகு கோடு ஏறும் இடத்தில் விரலை வைத்து, ‘அக்கா, இந்த நேரம் என்ன செஞ்சீங்க?’ என்று மட்டும் கேளுங்கள். களி கிண்டுவதைவிட அடுப்பு பற்றவைக்கும் நேரத்தில்தான் கோடு உயரமாக இருந்தது. அதைப் பார்த்த ஒரு அக்கா, ‘அன்னிக்கு மழை, விறகு நனைஞ்சு போச்சு, கவரைப் போட்டுத்தான் பத்த வச்சேன்’ என்றார். நான் விளக்க வேண்டிய பாதி விஷயத்தை அவரே சொல்லிவிட்டார்.

நமக்கு மொழி பிடிபட்டாலும், ஊரைச் சேர்ந்த ஒருவர் இருளர் மொழியில் பேச்சை நடத்துவதே நல்லது. நாம் பேனா பிடித்தால் போதும்.

படி 4: எதோடு ஒப்பிடுவது

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல் ஒரு நாளைக்கு 15 மைக்ரோகிராம், நம் நாட்டின் வெளிக்காற்றுத் தரம் 60. எதைச் சொன்னாலும் ‘அது யாரோ வச்ச கணக்கு’ என்றுதான் படும். அதே ஊரில் வாசலில் இன்னொரு கருவியை மாட்டி, அந்தக் கோட்டையும் வேறு நிறத்தில் அதே தாளில் வரைந்துவிடுங்கள். ‘இது உங்க வாசக்காத்து, இது அடுப்படிக் காத்து’ என்றால் விளக்கமே தேவைப்படாது. பச்சை, மஞ்சள், சிவப்பு ஏ.க்யூ.ஐ (காற்றுத் தரக் குறியீடு) அட்டை எனக்குப் பிடிக்காது. அந்தக் குறியீடு துகளுக்கு 24 மணி நேரச் சராசரியை வைத்துப் போடுவது, அரை மணி நேரப் புகைக்கு அதை ஒட்டுவது தப்பு.

பெயரோடு வீட்டுவாரியாகப் பட்டியல் போட்டு ஊர்க்கூட்டத்தில் ஒட்டவே ஒட்டாதீர்கள். கூட்டத்துக்கு ஊர் முழுமைக்குமான படம், வீட்டுக்கு வீட்டின் படம்.

படி 5: ‘அப்போ என்ன செய்யறது?’

இதைக் கேட்பார்கள், கேட்டே தீருவார்கள். முதலில் புகையால் என்ன பயன் என்று அவர்களிடம் கேளுங்கள். பரணில் விதைக்கதிருக்குப் பூச்சி வராது, கூரை கெடாது, குளிருக்கு இதம். அது தெரியாமல் ‘புகை கெட்டது’ என்று ஆரம்பித்தால் நீங்கள் வெளியூர்க்காரர்தான். அப்புறம் காசில்லாமல் முடிகிறதைப் பேசுங்கள்: விறகை மெல்லிசாகப் பிளந்து காயவைப்பது, பிளாஸ்டிக் கவரும் மண்ணெண்ணெயும் போட்டுப் பற்றவைக்காமல் இருப்பது, பற்றவைக்கும் நேரம் கைக்குழந்தையை வெளியே வைத்திருப்பது, மழையில்லாத நாளில் அடுப்பைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோவது.

கேஸ் பற்றி அளந்து பேசுங்கள். விறகுக்குப் பதில் கேஸ் கொடுத்துப் பார்த்த, பல நாடுகளோடு விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கமும் நடந்த ஹேப்பின் (HAPIN) ஆய்வில், மற்றக் கர்ப்பிணிகளுக்கு நுண்துகள் சுமார் 70 மைக்ரோகிராம் என்றால், கேஸ் கொடுத்தவர்களுக்கு 24 அளவில்தான் இருந்தது. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. ‘புகை குறையும்’ என்று சொல்லலாம், ‘நோயே வராது’ என்று வாக்குக் கொடுக்க முடியாது. சிலிண்டர் வண்டி வராத பாதையில் அதைப் பற்றி நீட்டி முழக்குவதிலும் அர்த்தமில்லை.

பின்சேர்க்கை: ‘எங்க பாட்டிக்கு இருமல், அது இதனாலயா?’ என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கருவிக்கு அது தெரியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், காசநோயாகவும் இருக்கலாம். முடிவு சொல்லப் போகும் நாளில் கிராம செவிலியரையும் கூட்டிப் போனால் இந்தக் கேள்வியை அவர் பார்த்துக்கொள்வார்.