அக்ரிலிக்கின் பின்முகத்தில் லேசரும் ஸ்ப்ரே பெயிண்டும்

ஒளிபுகும் அக்ரிலிக் தகட்டில் லேசரால் பொறித்து, பொறித்த இடத்தில் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்துப் படம் செய்ய விரும்புவோர், வேலை முழுவதையும் தகட்டின் பின்முகத்தில் செய்து, முன்முகத்தின் வழியே பார்க்கும்படி அமைப்பதே மேலானது. அப்போது வண்ணத்தில் கீறல் விழாது. முன்புறத்தின் பளபளப்பும் குறையாது.

தகடு காஸ்ட் (அச்சில் வார்த்த) வகையாக இருக்கட்டும். அதில் பொறித்த இடம் பனி படர்ந்தாற்போல் வெண்மையாகும். எக்ஸ்ட்ரூடட் (உருக்கி அழுத்தித் தள்ளி உருவாக்கிய) வகையோ உருகி வழவழப்பாகிவிடும். 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள கார்பன் டை ஆக்சைடு லேசரே இதற்கு ஏற்றது, ஏனெனில் நீல டயோடு லேசரின் ஒளி நிறமற்ற அக்ரிலிக்கை ஊடுருவிச் சென்றுவிடும். பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் பிவிசி தகட்டை எக்காரணத்தாலும் லேசருக்குள் வைக்கக் கூடாது. அது நுரையீரலையும் இயந்திரத்தையும் அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும்.

படத்தைக் கணினியில் இடவலமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். பின்முகத்தில் பிளாஸ்டிக் உறை இருந்தால் அதை உரித்துவிட்டு, மற்ற இடங்களில் பெயிண்ட் படாமலிருக்கக் காகித மாஸ்கிங் டேப்பைக் குமிழியின்றி ஒட்டுங்கள். லேசர் அந்தக் காகிதத்தை எரித்து, அடியிலுள்ள பரப்பை மெல்லச் சுரண்டினால் போதும், ஆழம் தேவையில்லை. தூசியை மென்தூரிகையால் அகற்றிய பின், 20 முதல் 30 செ.மீ. தொலைவிலிருந்து முதல் பூச்சைப் பனித்தூறல்போல் அடியுங்கள். கனமாக அடித்தால் பெயிண்ட் காகிதத்தின் அடியில் கசிந்து கோட்டைக் குலைக்கும்.

பல வண்ணங்களுக்கு வரிசையே உயிர். தாளில் வரையும்போது பின்னணியில் தொடங்கி நுணுக்கத்தில் முடிப்போம். இங்கே அது தலைகீழ். ஒரு கண்ணை வரைவதாயின், கருவிழியை முதலில் பொறித்துக் கறுப்பு அடித்து, காய்ந்ததும் அதைச் சுற்றிய வெண்விழியை மட்டும் பொறித்து வெள்ளை அடிக்க வேண்டும். வெள்ளை கறுப்பின் மேலும் படியும். ஆனால் முன்புறமிருந்து பார்ப்பவருக்கு முதலில் அடித்த வண்ணமே தெரியும் என்பதால், அதைத் துடைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் தகட்டை வெளியே எடுத்துத்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்பதால், லேசர் மேசையில் ஒரு மூலைத் தடுப்பைப் பொருத்தி, தகட்டை அதே இடத்தில் திரும்ப வையுங்கள். மயிரிழை விலகினாலும் இடைவெளி தெரியும். பெயிண்ட் முழுவதும் காய்வதற்கு முன் தகட்டை உள்ளே வைக்காதீர்கள், கரைப்பானின் ஆவி தீப்பிடிக்கும். அக்ரிலிக்கும் எரியக்கூடியதே, புகைபோக்கியை இயக்கி, வேலை முடியும்வரை அருகிலேயே இருங்கள்.

வெளி வடிவத்தை வெட்டுவது கடைசி வேலை. தொடக்கத்தில் நான் முதலில் வெட்டிவிட்டுப் பெயிண்ட் அடித்தேன். மறுநாள் காலையில் விளிம்பெங்கும் நுண்விரிசல்கள் ஓடியிருந்தன. லேசர் வெட்டிய விளிம்பில் இறுக்கம் தங்கியிருக்க, பெயிண்டின் கரைப்பான் பட்டதும் விளிம்பு விரிசல் விட்டுவிடுகிறது. இதே காரணத்தால், வெட்டிய தகட்டை ஆல்கஹாலால் துடைக்காமல், மென்மையான சோப்பு நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். மாஸ்கிங் டேப்பைச் சாய்வாக, மெதுவாக உரித்தெடுங்கள். ஓரத்தில் பெயிண்ட் சேர்ந்து எழுந்தால், அங்கே கூரிய கத்தியால் லேசாகக் கீறிவிட்டுத் தொடருங்கள்.