விபூதி பூசியவர் பொய் சொல்லமாட்டாரா? சாட்சியையும் மதத்தையும் முடிச்சுப் போடும் தவறுகள்

சினிமா கோர்ட்டில் சாட்சி கூண்டில் ஏறியதும் பட்டுத்துணி சுற்றிய கீதையை நீட்டுவார்கள். முதல் முறை சாட்சி சொல்ல வருகிற பலர் அதை எதிர்பார்த்தே வருகிறார்கள். நிஜத்தில் புத்தகம் எதுவும் வராது. நீதிமன்ற ஊழியரான பெஞ்ச் கிளார்க் சொல்லச் சொல்ல ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 1969-ஆம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டத்தின் அட்டவணையில் அதற்கு இரண்டு தொடக்கங்கள் இருக்கின்றன: ‘கடவுள் பெயரால் சத்தியம் செய்கிறேன்’ அல்லது ‘மனப்பூர்வமாக உறுதி கூறுகிறேன்’. எதைச் சொல்வது என்பது சாட்சியின் விருப்பம். அமைச்சர்கள் பதவியேற்கும்போது சிலர் ஆண்டவன் பெயரையும் சிலர் ‘உளமார’ என்பதையும் சொல்கிறார்களே, அதே மாதிரிதான்.

‘கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதி கூறினால் நீதிபதி சந்தேகப்படுவாரோ’ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. நாத்திகருக்கு மட்டுமல்ல, ஆணையிடுவதே தங்கள் மதத்துக்கு ஆகாது என்று நினைக்கும் கிறிஸ்தவர்களுக்கும் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. 1897-ஆம் ஆண்டு பொதுப் பிரிவுகள் சட்டம் ‘சத்தியப் பிரமாணம்’ என்ற சொல்லிலேயே உறுதிமொழியையும் அடக்கிவிட்டது. பொய் சாட்சிக்கான தண்டனையும் இருவருக்கும் ஒன்றுதான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 229-இன்படி ஏழு ஆண்டு வரை சிறை. கடவுளை இழுக்காதவருக்குத் தள்ளுபடி கிடையாது. ஆனால் இரண்டு வடிவத்தையுமே சொல்லமாட்டேன் என்று நின்றால் அது தனிக் குற்றம். ஆறு மாதம் வரை உள்ளே போகலாம்.

இந்த இடத்துக்கு வந்து சேரச் சட்டத்துக்கு ரொம்ப நாள் பிடித்தது. பழைய இங்கிலாந்தில் கிறிஸ்தவரல்லாதவர் சாட்சி சொல்லவே தகுதியற்றவர் என்று வாதிட்டார்கள். 1744-இல் ஓமிசந்த் எதிர் பார்க்கர் வழக்கில் கல்கத்தாவில் பதிவான இந்துக்களின் சாட்சியம் லண்டனுக்கு வந்தது. அவர்கள் பிராமணரின் பாதத்தைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தார்கள். தப்புச் செய்தால் தண்டிக்கிற ஒரு கடவுளை நம்புகிறவராக இருந்தால் போதும், அவர் முறைப்படி செய்த சத்தியம் செல்லும் என்று நீதிமன்றம் ஏற்றது. நல்ல தீர்ப்புதான், ஆனால் அதற்குள் ஒரு பொறி இருந்தது. உண்மை பேசுவதற்குக் காரணம் தெய்வ பயம் என்றால், அந்தப் பயம் இல்லாதவர் வெளியேதான் நிற்க வேண்டும். இங்கிலாந்தில் நாத்திகர்களுக்குக் கதவு திறக்க 1869 ஆயிற்று. இந்தியாவில் வேறு விதத் தொல்லை. கங்கை நீரையும் குர்ஆனையும் தொடச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது பலரின் மனசாட்சியைப் புண்படுத்துகிறது, நீதிக்கே இடைஞ்சலாகிறது என்று சொல்லி, 1840-இன் ஐந்தாவது சட்டம் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் உறுதிமொழியைக் கொண்டுவந்தது.

அப்புறம் 1872-இன் சாட்சியச் சட்டம் தகுதிக்கான கேள்வியையே மாற்றிவிட்டது. கேள்வி புரிகிறதா, அறிவுக்குப் பொருந்தும் பதில் சொல்ல முடிகிறதா என்பதுதான் அளவுகோல். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 124-ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. மதம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இருந்தும் சாட்சி விசாரணையில் மதம் எட்டிப் பார்க்கிறது. ‘தினமும் கோயிலுக்குப் போகிறவர் நீங்கள், பொய் சொல்வீர்களா?’ என்று தன் பக்கச் சாட்சியைத் தூக்கி நிறுத்துவது. ‘உங்களுக்குத்தான் சாமி நம்பிக்கையே கிடையாதே, சத்தியத்துக்கு என்ன மதிப்பு?’ என்று எதிர்த்தரப்புச் சாட்சியைக் கவிழ்க்கப் பார்ப்பது. இளம் வக்கீல்கள் செய்கிற தவறு என்று நினைக்க வேண்டாம், தலை நரைத்தவர்களும் செய்கிறார்கள். இதில் கிடைப்பது ஒன்றுமில்லை. பக்திமான்கள் பொய் சொல்லிப் பிடிபட்டதை எத்தனையோ முறை பார்த்த நீதிபதியிடம் போய் விபூதியைக் காட்டி என்ன பயன்?

அமெரிக்கச் சட்டப் புத்தகம் படித்தவர்கள் இங்கே வேறொரு தவறு செய்கிறார்கள். அங்கே கூட்டாட்சி சாட்சிய விதி 610, ஒரு சாட்சியின் மத நம்பிக்கையைக் காட்டி அவருடைய நம்பகத்தன்மையைத் தாக்கவும் கூடாது, தாங்கவும் கூடாது என்று நேரடியாகத் தடுக்கிறது. நம் சட்டத்தில் அப்படித் தனியாக ஒரு விதி கிடையாது. ‘விதிப்படி தடை’ என்று மொட்டையாக எழுந்து ஆட்சேபித்தால், ‘எந்தப் பிரிவு?’ என்று நீதிபதி கேட்பார். பிடிக்க வேண்டியது சாக்ஷிய அதினியத்தின் 151-ஆம் பிரிவை: கேள்வியில் சாட்சி மேல் சுமத்தும் குற்றச்சாட்டு உண்மையாகவே இருந்தாலும் சாட்சியின் நம்பகத்தன்மையைப் பற்றிய நீதிமன்றத்தின் கருத்தை அது பெரிதாக மாற்றாது என்றால், கேள்வி முறையற்றது. அவமானப்படுத்துவதற்காகவே கேட்டால் 155 இருக்கிறது.

ஆனால் ‘மதம்’ என்ற சொல் காதில் விழுந்ததுமே ஆட்சேபிப்பதும் தவறு. நம்பிக்கை வேறு, நலன் வேறு. ஒரு கோயில் நில வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நீங்கள் இந்த அம்மனை நம்புகிறீர்களா?’ என்பது வீண் கேள்வி. ‘நீங்கள் இந்தக் கோயிலின் அறங்காவலர்தானே? நிலம் கோயிலுக்குப் போனால் குத்தகை உங்கள் தம்பிக்குத்தானே?’ என்பது உயிருள்ள கேள்வி. தேவாலயச் சொத்து, வக்பு சொத்து எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். அமெரிக்க விதிக்கான குறிப்புரையும், வழக்கில் ஒரு தரப்பாக இருக்கும் சபையில் சாட்சி உறுப்பினர் என்பதைக் காட்டலாம் என்கிறது. நம் சட்டத்தில் இந்த வேறுபாடு 156-ஆம் பிரிவில் கூர்மையாகத் தெரியும். ‘கோயிலுக்கே போவதில்லை’ என்று சாட்சி சொல்லிவிட்டால், அது அவருடைய குணத்தைக் குலைக்கக் கேட்ட கேள்வி மட்டும்தான் என்கிற நிலையில், அதை மறுக்க வேறு சாட்சியம் கொண்டுவர முடியாது. ‘நான் அறங்காவலர் இல்லை’ என்று மறுத்தால் நியமன உத்தரவையே தாக்கல் செய்யலாம், ஏனென்றால் அது பாரபட்சத்தைத் தொடுகிறது.

மதக் கலவர வழக்குகளில் இதன் இன்னொரு முகம் தெரியும். எல்லாச் சாட்சிகளும் ஒரே மதத்தார், எனவே சேர்ந்து ஜோடித்திருக்கிறார்கள் என்பார்கள். மசால்டி வழக்கில் 1964-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை இங்கே வைத்துப் பார்க்கலாம். அது கோஷ்டிச் சண்டை வழக்கு. ஒரு கோஷ்டியைச் சேர்ந்தவர் என்பதற்காக மட்டும் சாட்சியத்தைத் தூக்கி எறியக் கூடாது, கவனமாக எடைபோட வேண்டும் என்றது. கூட்டம் கூடி நடந்த குற்றத்தில் இரண்டு மூன்று பேராவது முரணில்லாமல் ஒரே விவரத்தைச் சொல்கிறார்களா என்றும் பார்க்கச் சொன்னது.

ஊர்ப்புறத்துக்கு வந்தால், ‘கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணட்டும், நான் கேஸை விட்டுவிடுகிறேன்’ என்பார்கள். இது வெறும் வீறாப்பு இல்லை, ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. 1873-ஆம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டப்படி எதிர்த்தரப்பின் விசேஷ சத்தியத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒருவர் சொல்லலாம். அந்தச் சத்தியம் செய்யப்பட்டுவிட்டால், சொன்னவருக்கு எதிராக அதுவே முடிவான சாட்சியம். 1969 சட்டம் அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டது. எனவே எதிராளி கற்பூரம் அணைக்க மறுத்தார் என்பதை நிரூபணமாக நினைத்து வழக்கைக் கட்டாதீர்கள். தன் சமூகத்து வழக்கப்படி சத்தியம் செய்ய சாட்சியே விரும்பிக் கேட்டால் நீதிமன்றம் அனுமதிக்கலாம், அதுவும் நாகரிகத்துக்குப் புறம்பாக இல்லாமல், மூன்றாம் ஆளைப் பாதிக்காமல் இருந்தால். ‘என் பிள்ளை தலையில் அடித்து’ என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

குழந்தைச் சாட்சியிடம் ‘பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும், தெரியுமா?’ என்று கேட்டு, தெரியாது என்றால் சாட்சியமே செல்லாது என்று வாதிடுவதும் உண்டு. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உண்மை பேச வேண்டும் என்பது புரிந்து, சத்தியம் என்றால் என்னவென்று புரியாவிட்டால், சத்தியம் இல்லாமலே விசாரிக்கலாம். ராமேஷ்வர் வழக்கில் எட்டு வயதுச் சிறுமியின் சாட்சியம் பற்றி 1951 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது: சத்தியம் விடுபட்டது நம்பகத்தன்மையை எடைபோடும்போது பார்க்க வேண்டிய விஷயம், தகுதியைப் பறிக்கிற விஷயம் அல்ல.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம். பிரமாண வாக்குமூலத்துக்கு டைப்பிங் சென்டரில் வைத்திருக்கும் மாதிரியில் ‘கடவுள் சாட்சியாக’ என்று இருந்தால், உங்களுக்கு ஒவ்வாதபட்சத்தில் கையெழுத்துக்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள். கூண்டிலும் அப்படித்தான். பெஞ்ச் கிளார்க் வாயெடுக்கும் முன் ‘நான் உறுதிமொழி எடுத்துக்கொள்கிறேன்’ என்றால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.